காய்ந்தால் மணமில்லை

ஆடை அணியும் உயிர் மனிதன் ஒருவனே. ஆதலால் ஆடை தோய்க்கும் தொல்லையும் அவன் ஒருவனுக்கே வாய்த்தது. அத்தொல்லையைத் தீர்க்க வந்த சலவை இயந்திரம், 1990 களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாதிருந்த எமது யாழ்ப்பாணக் குடாநாட்டில், இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் கிணற்றடியை அடுத்து ஒரு மூலையில் வீற்றிருக்கின்றது. துணியைச் சுழற்றவும் பிழியவும் அது வல்லது. ஆனால் மழை முகிலை விலக்கி வெயிலைத் தருவிக்க அதனால் இயலாது. மின்சாரம் நின்றுவிட்டாலோ, தன் வயிற்றில் உள்ளதை வெளிவிடவும் மாட்டாது. 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில், நாட்டின் எத்தனை வீடுகளில் ஈர உடுப்புகள் இயந்திரத்துள் சிறையிருந்தன என்பதை இல்லத்தரசியரே அறிவர்.

எமது வீட்டில் அச்சிறை வாசம் 2024 ஆம் ஆண்டுக் கார்த்திகைப் பெருமழையில் நிகழ்ந்தது. ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். வேப்பமரக் கிளையொன்று முறிந்து மின்கம்பியின்மேல் வீழ்ந்தது. இயந்திரம் அரைச் சலவையில் நின்றது. வெள்ளம் படியேறத் தொடங்கவே, முதிர்ந்த அன்னையாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்திலிருந்த உறவினர் வீட்டுக்குச் சென்ற நாம், மூன்றாம் நாளே வீடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் எம்மை எதிர்கொண்டது வெள்ளத்தின் சேற்று நாற்றமன்று. இயந்திரத்தின் மக்கல் நெடியே. உள்ளே பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள், துவாய்கள், ஒரு படுக்கை விரிப்பு, இரண்டு வேட்டிகள் என்பவற்றுடன், காலஞ்சென்ற தந்தையார் இறுதியாக வாங்கிக் கொடுத்த அன்னையாரின் நூற்சேலையும் இருந்தது. வேட்டிகளில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள். சேலையின் கொய்சகப் பகுதியிலும் சில காணப்பட்டன.

ஆலோசனைக்குக் குறைவில்லை. வாசனைத் திரவம் ஒரு மூடி விட்டால் போதும் என்றார் ஒருவர். நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டால் எல்லாம் பறந்துவிடும் என்றார் இன்னொருவர். தொலைபேசியிலே எதையும் தேடிக் கண்டுபிடிக்கும் உறவுக்காரப் பிள்ளையொன்று, வெளிற்றும் திரவத்தையும் வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாய்க் கலந்து ஊற்றும்படி சொல்லிற்று. கதிரையில் இருந்த அன்னையார் மட்டும், “வெள்ளாவி வைச்சாலொழிய இந்த மணம் போகாது, தம்பி” என்றார். எண்பதை நெருங்கிய அவர் கூற்றை அப்பொழுது எவரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அறிவியல் அவர் பக்கத்திலேயே நிற்கின்றது.

இந்நெடி யாது? ஈரத்தின் மணமென்று பொதுவாகச் சொல்கின்றோம். தூய நீருக்கு மணமில்லை என்பது கீழ் வகுப்பு மாணவரும் அறிந்த உண்மை. மணப்பது நீரன்று, அதில் வாழும் உயிர். 2012 இல் ஜப்பானிய ஆய்வாளர் சிலர், வீடுகளில் தோய்த்தும் நாற்றம் நீங்காத துணிகளை ஆராய்ந்து, அந்நாற்றத்துக்குப் பெரிதும் காரணமாயிருப்பது மொராக்செல்லா ஒசுலோயென்சிசு என்னும் பற்றீரியா எனக் கண்டனர். ஒசுலோ நகரின் பெயரைத் தாங்கிய இந்நுண்ணங்கி, துணியில் எஞ்சிய வியர்வையையும் உடற்கொழுப்பையும் உண்டு, நாறும் கொழுப்பமிலம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. அது உலர்வையும் தாங்கும். சூரியனின் கழியூதாக் கதிரையும் ஓரளவு தாங்கும் என்பதே அவ்வாய்வில் எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி. வெயிலிற் காய்ந்த துணியில் அது மடிவதில்லை, உறங்குகின்றது. மறுபடி வியர்வை படிந்ததும் விழித்தெழுந்து தன் தொழிலைத் தொடங்குகின்றது. கொடியிலிருந்து எடுக்கும்போது நன்றாயிருந்த சேட்டு, அணிந்து அரைமணி நேரத்தில் நாறும் மர்மம் இதுவே. வெயிலை நாம் குறைத்துப் பேசவில்லை. துணி விரைவில் உலர வெயிலைப் போன்ற நண்பன் இல்லை. ஆனால் நாற்றம் குடிபுகாமல் தடுப்பது வேறு, குடிபுகுந்ததை வெளியேற்றுவது வேறு. வாசனைத் திரவமோ, நாற்றத்தின்மேல் நறுமணத்தைப் போர்த்துவதன்றி வேறொன்றும் செய்யாது.

கரும்புள்ளி இன்னோர் இனத்தின் வேலை. அது பங்கசு, அதாவது பூஞ்சணம். அதன் வித்திகள் காற்றில் எங்கும் மிதப்பன. ஈரமும் நிழலும் இரண்டொரு நாள் கிடைத்தால் பருத்தியிழையில் வேரூன்றிவிடும். அப்புள்ளியின் கருமை பெரும்பாலும் மெலனின் என்னும் நிறப்பொருளால் ஆயது. எமது தலைமயிரின் கருமையும் அவ்வினத்ததே. இழையின் உள்ளே படிந்த நிறமாதலால், பங்கசு இறந்த பின்னரும் கறை போவதில்லை. நாற்றம் தீர்ந்தும் புள்ளி நிற்பதைக் கண்டு சலவை பலிக்கவில்லையென வருந்துவோர், இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே.

பருத்தியை உண்ணும் பங்கசுகளைப் பற்றி மாணவர் அறியத்தக்க கதையொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், சொலமன் தீவுக்கூட்டத்துப் பூகன்வில் தீவில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரின் கித்தான் கூடாரங்களும் உடைகளும் வெப்ப மழையில் இற்றுப்போயின. எதிரியின் குண்டுக்கு அஞ்சிய படை, பூஞ்சணத்துக்கும் அஞ்ச வேண்டியதாயிற்று. இற்ற கூடாரத் துணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பங்கசு ஒன்றுக்குப் பின்னாளில், அதனை ஆராய்ந்த எல்வின் ரீசு என்பாரின் நினைவாகத் திரைக்கோதேர்மா ரீசி எனப் பெயரிட்டனர். செலுலோசை உடைக்கும் நொதியம் அதனிடத்தே மிகுதி. இன்று தொழிற்சாலைகள் அப்பங்கசை வளர்த்து நொதியம் எடுக்கின்றன. புதிய நீலக் காற்சட்டைத் துணியைப் பழையதுபோல் வெளிறச் செய்யவும் அது பயன்படுகின்றது. கூடாரத்தைத் தின்ற குற்றவாளியைப் பிடித்து ஆடைத் தொழிலிலேயே வேலைக்கமர்த்திய சாமர்த்தியம் பெரிது. எமது வேட்டியில் ஏறிய பங்கசோ எவர்க்கும் ஊழியம் செய்யும் நோக்குடையதாய்த் தோன்றவில்லை.

குடாநாட்டாருக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவதாகலின், கிணறுகள் பலவற்றில் அது வன்னீர். வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரையாது. கல்சியத்துடன் கூடி வெண்ணிறப் படிவாகி இழைகளில் ஒட்டும். அப்படிவு உடற்கொழுப்பையும் அழுக்கையும் பிடித்து வைத்திருக்க, நுண்ணங்கிக்கு அதுவே சோறும் வீடும் ஆகின்றது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் சவர்க்காரம் தேய்ப்பது இவ்வூர்களில் விருந்து பெருக்கும் செயலேயன்றி விரட்டும் செயலன்று.

சவர்க்காரமே கிடையாத காலத்தையும் நாம் கண்டிருக்கின்றோம். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறுவராயிருந்த நாம் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். பழத்தைத் தோலுரித்து நீரில் பிசைந்தால் களி நுரைக்கும். அதிலுள்ள சப்போனின் வகைப் பொருளே நுரைக்குக் காரணமென்பதைப் பின்னாளிற் கற்றோம். அழுக்கு ஓரளவு போகும்; மெல்லிய மஞ்சள் சாயலும் பழத்தின் மணமும் எஞ்சும். அம்மணத்தை மாடுகள் நன்கு அறியும். கொடியிற் காய்ந்த சேட்டின் கையை மாடு மென்றுவிட்ட கதை அக்காலத்து வீடுகள் பலவற்றில் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட ஆசிரியரிடம், “சேட்டை மாடு திண்டிட்டுது சேர்” என்று உண்மையைச் சொல்லியும் அடி வாங்கியோர் உளர்.

இனி வெள்ளாவிக்கு வருவோம். எம் அன்னையாரின் இளமையில் வீட்டுத் துணிகள் சலவைத் தொழிலாளரிடம் சென்றன. அவர்கள் துணியை உவர்மண் கரைசலில் அல்லது சலவைச் சோடாவில் ஊறவைத்து, அடுப்பிலேற்றிய பானையின் வாயைச் சுற்றி அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவிடுவர். விடிந்தபின் நீர்நிலையிலே அடித்து அலசிக் காயவைப்பர். காரம் உடற்கொழுப்பைக் கரைக்க, ஆவியின் வெப்பம் இழையின் உட்புறம் வரை சென்று உயிர்களைக் கொன்றது. கிருமி என்னும் சொல்லை அறியாமலே கிருமியை வெல்லும் வழியை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவை உடையோரைப் பிறப்பின் பெயரால் படலைக்கு வெளியே நிறுத்திவைத்த எமது சமூகம், அவர் வெளுத்த துணியை மட்டும் பூசையறை வரை அனுமதித்தது. இதனை நினைக்குந்தோறும் எமக்கு வெட்கம் உண்டாகின்றது.

வீட்டிலே வெள்ளாவி வைக்க இடமுமில்லை, பழக்கமுமில்லை. ஆயினும் அதன் சாரம் வெப்பமன்றோ? 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில் துணி கிடந்தால் அந்நாற்றப் பற்றீரியா மாளும். எமது நாட்டில் விற்பனையாகும் மேல்வாய் இயந்திரங்கள் பலவற்றில் நீரைச் சூடாக்கும் வசதி இல்லை. எனவே கிடாரத்திலே நீரைக் கொதிக்கவைத்தோம். கொதிநீர் மூன்று பங்கு, கிணற்று நீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 70 பாகை வரும். ஈரத் துணியும் வாளியும் சிறிது வெப்பத்தை விழுங்கிய பின்னரும் வேண்டிய சூடு எஞ்சும். சலவைத் தூளை அதிற் கரைத்து, பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணிகளைத் தடியால் அமிழ்த்தி, மூடியிட்டு ஒரு மணி நேரம் வைத்தோம். துவாய் போன்ற தடித்த துணிக்கு இதனை இருமுறை செய்ய வேண்டியிருந்தது. ஒட்சிசன் வகை வெளிற்றித் தூள் கிடைக்குமாயின் இச்சுடுநீரில் ஒரு கரண்டி சேர்க்கலாம். அது ஐதரசன் பேரொட்சைட்டை வெளிவிட்டு, நிறத்துணியையும் பெரிதாய்க் கெடாமல் வேலை செய்யும்.

வேட்டியின் கரும்புள்ளிக்குக் குளோரீன் வெளிற்றும் திரவம் தேவைப்பட்டது. முந்தைய சலவைத் தூள் முற்றாகப் போகும்வரை அலசி, புட்டியிற் குறித்த அளவுக்குத் தண்ணீரில் ஐதாக்கி, குளிர்ந்த நீரிலேயே சிறிது நேரம் வைத்தோம். புள்ளிகள் கண்முன்னே மங்கின. இத்திரவம் வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே உரியது. பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆயவை; குளோரீன் அவற்றைக் கரைத்தே விடும். கூறைச்சேலையில் பூஞ்சணம் கண்டவர் அதனை வெளியே எடுத்துச் சென்று, நிழலில் உலரவிட்டு, மென்தூரிகையால் மெல்லத் தட்டுவதோடு நிறுத்தி, மேற்கொண்டு தேர்ந்தவரிடம் கொடுப்பதே நன்று.

உறவுக்காரப் பிள்ளை சொன்ன கலவையைப் பற்றி மட்டும் உரத்த குரலில் ஒன்று கூற வேண்டும். வெளிற்றும் திரவத்துடன் வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ வேறெந்த அமிலத்தையோ சேர்த்தால் குளோரீன் வாயு எழும். 1915 ஏப்ரில் 22 ஆம் நாள் பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே படையினர்மீது ஏவப்பட்டது இவ்வாயுவே. காற்றோட்டமற்ற குளியலறையில் சிறிதளவும் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களுடனும் அதனைச் சேர்த்தலாகாது. வினாகிரி தனியே பயனுடையது. வெளிற்றி தொடாத நிறத்துணிகளின் சுண்ணாம்புப் படிவை அது இளக்கும். அதனோடு அப்பச்சோடாவைக் கலப்பதிலோ தீங்குமில்லை, நன்மையுமில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று வென்று உப்பும் நீரும் வாயுவுமாய் முடியும். நுரை பார்க்கச் சிறுவர்க்கு வேடிக்கை.

இயந்திரத்தையும் மறக்கவில்லை. கதவைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தின் மடிப்பிலும், தூள் இடும் தட்டிலும் கரிய வழுவழுப்பு ஒளிந்திருந்தது. அதைத் துடைத்தகற்றாமல் துணியை மட்டும் தோய்த்திருந்தால், அடுத்த முறை பழைய குடிகள் மீண்டு வந்திருக்கும். முன்வாய் இயந்திரம் வைத்திருப்போர், மின்தடை நீளுமாயின் அடிப்புறச் சிறு மூடியைத் திறந்து நீரை வடிக்கலாம் என்பதை மழைக்கு முன்னரே கைந்நூலிற் பார்த்து வைத்தல் நலம்.

சீருடைகளும் துவாய்களும் தப்பின. படுக்கை விரிப்பின் ஒரு மூலை இற்றுப்போய்க் கிழிந்தது. அது நிலந்துடைக்கும் துணியாயிற்று. அன்னையாரின் சேலை நாற்றம் நீங்கி வந்தது. ஆனால் நான்கு புள்ளிகள் நின்றன. வெளிற்றி இட்டால் அதன் மாம்பிஞ்சுப் பச்சையும் போய்விடும். “இருக்கட்டும், கொய்சகத்துக்குள்ளை மறையும்” என்று அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். 

இவ்வளவும் எம் வீட்டோடு நின்றிருந்தால் ஏட்டில் எழுதியிரோம். அதே மழைக்காலத்தில், எம்மிடம் கற்கும் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் நாளுக்கு நாள் பின்வாங்குக்குச் சென்றான். வாங்கில் அவன் ஒருவனே இருந்தான். அருகிருந்தோர் வெவ்வேறு காரணம் சொல்லி இடம் மாறியிருந்தனர். நண்பகலை அண்டி நாம் அவ்வழி சென்றபோது காரணம் எமது மூக்குக்கு விளங்கியது. மாணவர் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டியிருந்தனர். அதனை இங்கு எழுத மனம் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரனான அப்பிள்ளை, விடை தெரிந்தும் கை உயர்த்துவதை விட்டிருந்தான். கையை உயர்த்தினால் அக்குள் மணம் பரவும் என்று அஞ்சினான் போலும்.

ஒரு மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய தாயார் தோட்டங்களில் கூலிவேலை செய்பவர். அடுப்படியில், இரண்டு வெள்ளைச் சேட்டுகள் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கின. நாம் எடுத்த பேச்சை முடிக்குமுன் அவர் கண்கலங்கினார். “ஒவ்வொரு நாளும் தோய்ச்சுத்தான் விடுறன் சேர். சவுக்காரம் போடாமல் ஒருநாளும் விடேல்லை. காய்ஞ்சால் மணமில்லை, போட்டுக்கொண்டு போனால் மணக்குது எண்டுறான்” என்றார். ஜப்பானிய ஆய்வாளர் கூடத்திற் கண்டதை அவர் அடுப்படியில் நின்று ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார். மணப்பது அவர் பிள்ளையின் உடலுமன்று, அவர் கைச் சலவையின் குறையுமன்று என்பதை முதலிற் சொன்னோம். பின்னர் அன்றிரவே இரண்டு சேட்டுகளையும் கொதிநீரில் இட்டு மூடி வைக்கும் முறையைக் கூறினோம். அளவு கேட்டார், மூன்று சிரட்டை கொதிநீருக்கு இரண்டு சிரட்டை கிணற்று நீர் என்றோம். “வெள்ளாவி மாதிரியோ சேர்?” என்றார். ஆமென்றோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்றாவது சேட்டொன்றுக்குத் துணி கொடுத்தார்; அவர் பெயரை வெளியிட அவர் விரும்பார். ஈரச் சேட்டை ஒரு நாள் முழுதும் உலரவிட அது உதவிற்று. வகுப்பிலே நாம் எவரையும் கண்டித்துப் பேசவில்லை. பேசியிருந்தால் பட்டப்பெயர் இன்னும் ஆழப் பதிந்திருக்கும். அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, சமன்பாடு ஒன்றை எல்லோருக்கும் விளக்கச் சொன்னோம், அவ்வளவே. மார்கழிப் பரீட்சைக்கு முந்திய வெள்ளியன்று நாம் வகுப்புக்குச் சென்றபோது, அவ்வாங்கில் மூவர் இருந்தனர். அவர்களில் ஒருவன், பட்டப்பெயர் சூட்டியவனே, அவனுடைய கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக் கணக்கொன்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான்.